மூன்று பாட்டில் கரைக்காத காரீயத்தை வழித்தெடுத்த செம்பு நார்

போன அக்டோபரில் ஒரு சனிக்கிழமை. துப்பாக்கி சுடும் கிளப் ரேஞ்சில் விசையை இழுக்கிறேன், ஹேமர் விழுகிறது, ‘டிக்’ என்று ஒரு சத்தம். தோட்டா வெடிக்கவில்லை. குழலை இலக்குப் பக்கமே பிடித்தபடி முப்பது விநாடி காத்திருந்து, தோட்டாக்கள் உட்காரும் உருளையான சிலிண்டரைத் திறந்து பார்த்தேன். தோட்டாவின் விளிம்பில் அடி விழுந்த தடம் இருக்கிறது, ஆனால் ஆழமில்லை. அதே தோட்டாவை இன்னொரு முறை அடித்தால் வெடித்துவிடுகிறது. பத்தில் மூன்று இப்படி. அதோடு சிலிண்டர் சுற்றும்போது ஓர் இடத்தில் பிடித்துப் பிடித்து விட்டது. விசையை இழுக்கும் விரலுக்கு அது நன்றாகவே தெரிந்தது.

என்னுடையது பாயின்ட் 22 லாங் ரைஃபிள் தோட்டா போடும் ரிவால்வர். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், ஆறு அங்குலக் குழல், சிலிண்டரில் தோட்டா போடப் பத்து அறை. ஓஹையோவில் டேட்டன் பக்கம் இருக்கிறேன். வாரம் ஒரு நாள் ரேஞ்சுக்குப் போய் நூறு தோட்டா சுடுவேன். மூன்று வருடமாக அந்தப் பழக்கம். சுத்தம் செய்வது என்றால், குழலில் எண்ணெய் நனைத்த துணியை இரண்டு முறை இழுத்துவிட்டு, வெளியே துடைத்து வைப்பது. பாயின்ட் 22-க்கு அது போதும் என்று பலரும் சொல்வார்கள். ரைஃபிளுக்குப் போதும். ரிவால்வருக்குப் போதாது என்று அந்தச் சனிக்கிழமை தெரிந்தது.

இந்தக் கட்டுரை ஒரு செம்பு நார் உருண்டையைப் பற்றிய மதிப்புரை. சோர் பாய் என்ற பெயரில் மளிகைக் கடையில் பாத்திரம் கழுவும் சாமான் இருக்கும் வரிசையில் தொங்கும். இரண்டு உருண்டை உள்ள பெட்டிக்கு வரியோடு ஐந்து டாலர் சொச்சம் கொடுத்தேன். அதற்கு முன்னால் காரீயம் எடுக்க வாங்கிய திரவப் பாட்டில்களுக்கு மட்டும் நாற்பது டாலருக்கு மேல் செலவழித்திருந்தேன். அந்தக் கதையையும் சொன்னால்தான் இந்த உருண்டையின் அருமை புரியும்.

முதலில் ஒரு கடையில் காட்டினேன். பெயர் வேண்டாம். சிலிண்டரைத் திறந்துகூடப் பார்க்காமல், “மெயின் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது, மாற்ற வேண்டும், மூன்று வாரம் ஆகும்” என்றார்கள். ஹேமரை வேகமாக விழ வைக்கும் ஸ்பிரிங் அது. எனக்கு அவர்கள் சொன்னது மனதுக்கு ஒப்பவில்லை. அப்பா கோயம்புத்தூர் கணபதியில் லேத் பட்டறை வைத்திருந்தவர். அளந்து பார்க்காமல் எந்தப் பொருளையும் குறை சொல்லாதே என்பதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவன் நான். இங்கேயும் என் வேலை இயந்திரப் பாகங்களை அளந்து சரிபார்ப்பதுதான். துப்பாக்கியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

ரிவால்வரில் சிலிண்டரின் முன் முகத்துக்கும் குழலின் பின் முனைக்கும் நடுவே ஒரு மெல்லிய இடைவெளி உண்டு. பெரும்பாலும் 0.004 அங்குலத்திலிருந்து 0.008 அங்குலத்துக்குள் இருக்கும். வாங்கிய புதிதில் என்னுடையதை ஃபீலர் கேஜ் (அளவு குறித்த மெல்லிய தகடுகளின் கொத்து) விட்டு அளந்து நோட்டில் எழுதி வைத்திருந்தேன்: 0.006. இப்போது அதே கேஜை எடுத்தேன். 0.006 தகடு நுழையவே இல்லை. 0.004-ம் நுழையவில்லை. பத்து அறைகளையும் ஒவ்வொன்றாகச் சுற்றி வைத்துப் பார்த்தபோது இரண்டு இடத்தில் 0.002 தகடே உரசிக்கொண்டு போனது. இரும்பு வளராது. அப்படியென்றால் மேலே ஏதோ ஏறியிருக்கிறது.

சிலிண்டரை வெளியே தள்ளி, சின்ன டார்ச்சை ஃபிரேமில் அது இருந்த ஜன்னலுக்குள் காட்டினேன். குழலின் பின் வாய் ஒரு புனல் மாதிரி லேசாக விரிந்திருக்கும். அதை ஃபோர்சிங் கோன் என்பார்கள். சிலிண்டரிலிருந்து பாயும் குண்டை நடுவில் கொண்டுவந்து குழலுக்குள் அனுப்புவதற்கான வழி அது. அங்கே வழவழப்பான எஃகு தெரிய வேண்டும். எனக்குத் தெரிந்தது, சால்டரிங் செய்து முடித்த இடத்தில் வழிந்து உறைந்தது போல ஒரு சாம்பல் பூச்சு. ஓரத்தில் செதில் செதிலாகத் தூக்கிக்கொண்டு நின்றது. பல்குச்சியின் முனையால் நெருடினேன். மங்கலாக இருந்த இடம் பளிச்சென்று வெள்ளியாக மின்னியது. காரீயம்தான், சந்தேகமே இல்லை.

இது ஏன் வருகிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 1857-இல் ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் தங்கள் முதல் ரிவால்வரைக் கொண்டுவந்தபோது அதற்கென்று உண்டாக்கிய குட்டித் தோட்டாவிலிருந்துதான் இந்தக் குடும்பம் தொடங்குகிறது. நாம் இன்று சுடும் லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் வந்தது. அன்று முதல் இன்று வரை குண்டின் அமைப்பு மாறவில்லை. குண்டும், மருந்து அடைத்த கூடும் ஒரே பருமன். குண்டின் அடிப்பகுதி மட்டும் மெலிந்து கூட்டுக்குள் செருகியிருக்கும். பெரிய ரிவால்வர் தோட்டாக்களில் குண்டைச் சுற்றிய மசகு கூட்டுக்குள் மறைந்திருக்கும். இதில் குண்டின் பருத்த பகுதி வெளியே நிற்பதால் மேலே ஒரு மெழுகுப் பூச்சுதான் மசகு. விலை குறைந்த வகைகளில் குண்டு வெறும் காரீயம். செம்பு பூசியதாகப் போட்டிருக்கும் வகையிலும் அந்தப் பூச்சு காகிதத்தைவிட மெல்லியது. இப்படிப்பட்ட மென்மையான உலோகம் சிலிண்டரிலிருந்து அந்த இடைவெளியைத் தாண்டிக் குதித்து ஃபோர்சிங் கோனின் சுவரில் மோதுகிறது. பின்னால் சூடான வாயு துரத்துகிறது. ஒவ்வொரு தடவையும் மயிரிழை அளவு வழித்துக்கொண்டு அங்கேயே ஒட்டுகிறது. இடைவெளி வழியாகப் பக்கவாட்டில் தெறிப்பது சிலிண்டர் முகத்திலும் ஃபிரேமின் உள்பக்கத்திலும் படிகிறது. வாரம் நூறு என்று மூன்று வருடம் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரி, பாட்டில்களுக்கு வருவோம். முதல் பாட்டிலில் ‘காரீயத்தை நீக்கும்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. நன்றாக நனைத்து ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் துணியில் கறுப்பாக வந்தது. பூச்சு அப்படியே இருந்தது. அடுத்தது நுரை. நுரை குழல் நிறையப் பொங்கி, ஊதா நிறமாகி வழிந்தது. பூச்சு அப்படியே இருந்தது. மூன்றாவது, துருப்பிடித்த நட்டுகளை விடுவிக்கும் வகை எண்ணெய். அது மட்டும் ஓரங்களில் கொஞ்சம் உள்ளே இறங்கிச் செதில்களைத் தளர்த்தியது. அவ்வளவே. நான்கு நாள் போய்விட்டது.

நியாயமாகச் சொல்ல வேண்டும்: கரிப் படிவத்துக்கு நான் எப்போதும் வைத்திருப்பது ஹாப்பிஸ் நம்பர் 9. 1903 முதல் இருக்கும் திரவம். அந்த வாசனையை ஒருமுறை முகர்ந்தவர் மறக்க மாட்டார். வெடிமருந்தின் கரியை அது போல் எடுப்பதை நான் பார்த்ததில்லை. ஆனால் கரியும் காரீயமும் ஒன்றல்ல. கரி திரவத்துக்கு இளகும். எஃகின் மேல் பூசிக்கொண்ட காரீயம் என்பது உலோகத்தின் மேல் உலோகம். துப்பாக்கிக்குக் கெடுதல் செய்யாமல் அதைக் கரைக்கும் திரவத்தை நம் கடைகளில் எதிர்பார்க்கக் கூடாது. வழித்துத்தான் எடுக்க வேண்டும்.

கரைக்கும் ஒரு கலவை இருக்கவே இருக்கிறது. வினிகரையும் ஹைட்ரஜன் பெராக்சைடையும் சரிபாதி கலந்து ஊற்றுவது. தயவுசெய்து வீட்டில் அதைச் செய்யாதீர்கள். காரீயம் கரைந்து லெட் அசிடேட் ஆகிறது. நீரில் கரைந்து நிற்கும் விஷம் அது. தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். திடமாக இருக்கும்போது பொறுக்கிப் போட்டுவிடக்கூடிய ஒன்றை, சிந்தினால் பிடிக்க முடியாத ஒன்றாக நாமே மாற்றிக்கொள்வதில் என்ன பயன்? அதோடு துருப்பிடிக்காமல் இருக்க நீலம் பூசிய எஃகாக இருந்தால் நிறமும் போய்விடும்.

செம்பு நாரை எனக்குக் காட்டியவர் கிளப்பில் இருக்கும் ஒரு பெரியவர். எண்பதைத் தொடப் போகிறவர். என் முகத்தைப் பார்த்து விஷயத்தைக் கேட்டார். தன் பெட்டியிலிருந்து மடித்து வைத்த ஒரு சின்னச் செம்புப் பிசிறை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். காரீயத்தைவிடக் கடினம், எஃகைவிட மெது. அதனால் அது காரீயத்தை வழிக்கும், குழலைக் கீறாது. அவர் சொன்னது இவ்வளவுதான். கூடவே ஒரு எச்சரிக்கை: வாங்கியதும் காந்தத்தை வைத்துப் பார். செம்பு நிறத்தில் விற்கும் எல்லாமே செம்பு அல்ல. இரும்புக் கம்பிக்குச் செம்புப் பூச்சு கொடுத்து விற்பதும் உண்டு. அதைக் குழலுக்குள் விட்டால் கதை முடிந்தது.

நான் கடையிலேயே சாவிக்கொத்தில் இருந்த குட்டிக் காந்தத்தை வைத்துப் பார்த்தேன். பக்கத்தில் தொங்கிய மலிவு வகை ஒன்று ‘டக்’கென்று ஒட்டியது. சோர் பாய் ஒட்டவில்லை. பெட்டியில் சுத்தச் செம்பு என்று போட்டிருக்கிறது. காந்தமும் அதையே சொன்னது.

வீட்டில் செய்த விதத்தைச் சொல்கிறேன். முதல் வேலை, சிலிண்டரைத் திறந்து பத்து அறையும் காலி என்று கண்ணாலும் விரலாலும் பார்ப்பது. தோட்டாப் பெட்டிகள் எல்லாம் வேறு அறையில். இதை ஒவ்வொரு முறையும் செய்கிறேன், நேற்றுதான் பார்த்தேன் என்று விடுவதில்லை. இடம், கராஜ். கதவைத் திறந்து வைத்துவிட்டேன். மேசை மேல் செய்தித்தாள் நான்கு அடுக்கு. நைட்ரைல் கையுறை, கண்ணாடி.

உருண்டை என்பது உண்மையில் ஒரு நீண்ட வலைக் குழாய். தட்டையான செம்பு இழையைச் சாக்ஸ் மாதிரி பின்னிச் சுருட்டியிருக்கிறார்கள். கத்தரிக்கோலால் ஒரு அங்குலம் வெட்டி, அதிலிருந்து நான்கைந்து இழையை மட்டும் உருவினேன். முதலில் ஆசைப்பட்டு அதிகமாகச் சுற்றிவிட்டேன். பிரஷ் குழலுக்குள் நுழையவே இல்லை. பாயின்ட் 22 குழலின் உள்வாய் கால் அங்குலத்துக்கும் குறைவு. அங்கே இடமே கிடையாது. அதற்குத் தோதானது தேய்ந்துபோன பழைய வெண்கலப் பிரஷ். முடி தேய்ந்து மெலிந்த அந்தப் பிரஷ்ஷின் பள்ளங்களில் இழையைத் திருகு மரை போலச் சுற்றி, நுனியை முடிகளுக்கு நடுவே செருகிவிட்டால் நின்றுகொள்கிறது. குழலில் விடும்போது இறுக்கமாக, ஆனால் முரண்டு பிடிக்காமல் போக வேண்டும். ஊசியில் நூல் கோக்கும்போது கைக்கு ஒரு பதம் தெரியுமே, அந்தப் பதம்.

அப்புறம் திசை. ரைஃபிளைப் போல ரிவால்வரின் குழலைப் பின்பக்கமிருந்து தடி விட்டுத் தேய்க்க முடியாது. ஃபிரேம் குறுக்கே நிற்கும். முன் வாயிலிருந்து தடியை விட்டால், தடி உரசி உரசி வாயின் விளிம்பு தேயும். குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் அந்த விளிம்பு. அது கெட்டால் குறி கெடும். எனவே நான் தடியை விட்டுவிட்டு, பிளாஸ்டிக் உறை போட்ட வளையும் கம்பி ஒன்றை முன் வாயில் நுழைத்தேன். அது பின்னால் ஃபிரேம் ஜன்னலில் எட்டிப் பார்க்கும். பக்கவாட்டில் வளைத்து வெளியே எடுத்து, அங்கே பிரஷ்ஷைத் திருகி, முன்னால் இழுத்தேன். ஃபோர்சிங் கோனில் நுழைந்து வாய் வழியாக வெளியே வரும். ஒவ்வொரு இழுப்புக்கும் பிரஷ்ஷைக் கழற்றி மாட்ட வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான். பெரிய ரிவால்வர்காரர்களுக்கு இதே இழுக்கும் முறையில் பித்தளை வலை வைத்த லூயிஸ் லெட் ரிமூவர் என்ற கருவி இருக்கிறது. அது பாயின்ட் 38, 44, 45 போன்ற பருமன்களுக்கானது. நம் சின்னக் குழலுக்கு இந்தக் கைவேலைதான்.

முதல் இழுப்பில் ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது இழுப்பில் குழலின் வாயிலிருந்து செய்தித்தாள் மேல் ஏதோ உதிர்ந்தது. குனிந்து பார்த்தேன். நகம் வெட்டினால் விழும் துணுக்கு போல, ஆனால் அதைவிட மெல்லிசாக, ஒரு பக்கம் கறுப்பு, மறுபக்கம் பளபளப்பு. அந்தப் பளபளப்பான பக்கத்தில் நீள வாக்கில் வரி வரியாகக் கோடுகள். எஃகின் மேலிருந்த கருவித் தடங்களை அப்படியே அச்செடுத்துக்கொண்டு உரிந்து வந்திருக்கிறது. நான்கு நாளாக மூன்று பாட்டில் அசைக்காதது. உண்மையிலேயே எழுந்து நின்றுவிட்டேன்.

ஃபோர்சிங் கோனுக்கு மட்டும் வேறு விதம். பிரஷ்ஷைக் கம்பியில் மாட்டாமல், அதன் பித்தளைத் தண்டை விரலால் பிடித்து ஜன்னல் வழியாகக் கோனுக்குள் செருகித் திருகினேன். அழுத்தவே கூடாது. இரண்டு சொட்டு எண்ணெய், இருபது திருகல், துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பார்ப்பது, மறுபடி இருபது. முக்கால் மணி நேரத்தில் சாம்பல் போய், கோனைச் சுற்றிலும் கருவி கடைந்த மெல்லிய வளையங்கள் தெரிந்தன. பட்டறையில் வேலை முடிந்த பாகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பார் அப்பா. அந்த நேரத்தில் அவர் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது.

தோட்டா வெடிக்காமல் போனதற்குக் காரணம் மட்டும் குழலில் இல்லை, அறைகளில் இருந்தது. இதைப் பலர் கலந்து குழப்பிக்கொள்கிறார்கள். ஒவ்வொரு அறையின் உள்ளேயும் கூட்டின் வாய் முடியும் இடத்தில் கரி, மெழுகு, காரீயம் மூன்றும் சேர்ந்து ஒரு வளையமாக இறுகியிருந்தது. புதுத் தோட்டா அந்த வளையத்தில் முட்டி, விளிம்பு கடைசி வரை உட்காராமல் நிற்கும். ஹேமரின் அடியைத் தோட்டாவுக்குக் கடத்தும் ஃபயரிங் பின் அடிக்கும்போது அடியின் பாதி பலம் தோட்டாவை முன்னால் தள்ளவே போய்விடும். விளிம்புக்குள் இருக்கும் மருந்து நசுங்காது. முதல் அடி தோட்டாவை உட்கார வைக்கிறது, இரண்டாவது அடி வெடிக்கிறது. ஸ்பிரிங் மேல் பழி போட்டதெல்லாம் இதற்குத்தான். அறைகளுக்குப் பழைய பிரஷ் உதவாது, புது வெண்கலப் பிரஷ் வேண்டும். ஹாப்பிஸில் நனைத்து ஒரு மணி நேரம் ஊறவிட்டு, அறைக்கு முப்பது தேய்ப்பு. செம்பு நார் இங்கே அவ்வளவாகத் தேவைப்படவில்லை, கடைசியில் நாலு அறைக்கு மட்டும் சுற்றிக்கொண்டேன். டிரில் மெஷினில் பிரஷ்ஷை மாட்டிச் சுற்றுகிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். அறையின் அளவை ஒருமுறை கெடுத்தால் திரும்ப வராது.

அப்படியே கூட்டை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியையும் பாருங்கள். எரியாத மருந்துத் துகள் இரண்டு அங்கே மாட்டினால் போதும், தகடு சரியாகப் படியாமல் சிலிண்டர் பின்பக்கம் உரசும். எனக்கும் அங்கே ஒரு சிட்டிகை இருந்தது. பழைய பல் தேய்க்கும் பிரஷ் போதும் அதற்கு.

சிலிண்டரின் முன் முகத்துக்குத் தனியாகக் காரீயம் நீக்கும் மஞ்சள் துணி கிடைக்கிறது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் பிரமாதமாக வேலை செய்கிறது. ஆனால் நீலம் பூசிய துப்பாக்கியில் பட்டால் பூச்சையே எடுத்துவிடும், அந்தப் பக்கம் கொண்டுபோகவே வேண்டாம். மேடாக ஏறியதை மட்டும் எடுத்தேன். ஒவ்வொரு அறையைச் சுற்றியும் நிற்கும் கறுப்பு வளையத்தைக் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும் என்று மணிக்கணக்கில் உட்காருகிறார்கள். அடுத்த பத்துத் தோட்டாவில் அது திரும்ப வந்துவிடும். அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

இப்போது நான் அதிகம் சொல்ல விரும்பும் விஷயம். வேலை முடிந்து உள்ளே வந்தபோது என் மனைவி வாசலிலேயே நிறுத்தினாள். மகள் தன் பதினான்கு மாதக் குழந்தையோடு வந்திருந்த வாரம் அது.

“ஏனுங்க, அந்தக் கையோட பாப்பாவத் தூக்காதீங்க.”

“கையுறை போட்டிருந்தேன் அம்மிணி. இருந்தாலும் குளிச்சிட்டுத்தான் வருவேன்.”

“ஈயந்தானுங்களே? எங்கம்மா ஈயச் சொம்புலதான் ரசம் வெப்பாங்க. அதுக்கு இத்தனை பயமா?”

“அது வெள்ளீயம். இது காரீயம். ரெண்டும் வேற.”

நம் ஊரில் ஈயம் என்ற ஒரே சொல் இரண்டு உலோகத்துக்கும் புழங்குவதால் வரும் குழப்பம் இது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும் ரசச் சொம்பு செய்வதும் வெள்ளீயம். தோட்டாவில் இருப்பது காரீயம். அது உடம்பில் சேர்ந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஓர் அளவே கிடையாது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் 2021-இல், குழந்தையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராம் என்பதைக் கவனிக்க வேண்டிய அளவாகக் குறைத்தது. மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. நான் செய்தித்தாளில் சேர்த்த துணுக்குகள் ஒரு சிட்டிகை இருக்கும். இந்தக் கணக்கை ஒருமுறை மனதில் போட்டுப் பார்த்தால் யாரும் சமையலறை மேசையில் துப்பாக்கி துடைக்க மாட்டார்கள். உலோகத் துணுக்கு மட்டுமல்ல, பெரும்பாலான பாயின்ட் 22 தோட்டாக்களின் விளிம்பில் இருக்கும் பற்றவைக்கும் மருந்திலும் காரீயச் சேர்மம் உண்டு. துணியில் வரும் கறுப்பும் விஷம்தான்.

அதனால் எப்போதும் ஈரமாகவே தேய்க்கிறேன், தூசி பறக்க விடுவதில்லை. ஊதுவதில்லை, துடைப்பத்தால் பெருக்குவதில்லை. ஈரத் துணியால் ஒற்றி எடுக்கிறேன். செய்தித்தாளோடு துணி, செம்பு இழை, கையுறை எல்லாவற்றையும் மூடி இறுகும் டப்பாவில் போட்டு, டப்பா நிறைந்ததும் எங்கள் கவுண்டியில் வீட்டு அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுக்கிறேன். குப்பைத் தொட்டியில் போடுவதில்லை. கையை முதலில் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். சட்டையைத் தனியாகத் துவைக்கிறேன். இந்த ஒழுங்கு இல்லாதவர்கள் இந்த வேலையை வீட்டில் தொடாமல் கடையில் கொடுத்துவிடுவதே நல்லது.

செம்பு நாரிலும் குறைகள் உண்டு. இழை பிசிறும். தேய்க்கத் தேய்க்க முறிந்து குட்டிக் குட்டி முள்ளாக உதிரும். ஒன்று கையுறையைத் தாண்டி என் கட்டைவிரலில் ஏறிவிட்டது. அதைவிட முக்கியம், அந்தப் பிசிறு விசைக்குள்ளோ நட்சத்திரத் தகட்டுக்குள்ளோ போகக் கூடாது. நான் துப்பாக்கியைக் குழல் கீழ் நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு செய்தேன், முடித்ததும் டார்ச்சோடு எல்லா மூலையும் பார்த்தேன். இரண்டு பிசிறு கிடைத்தது. இன்னொன்று, ஒரு சுற்று இழை பத்துப் பன்னிரண்டு இழுப்புக்கு மேல் தாங்காது. காரீயம் அப்பிக்கொண்டதும் அது வழிக்காது, வழுக்கும். மாற்ற வேண்டும். பெட்டியில் இதற்கான குறிப்பு எதுவும் இருக்காது, பாத்திரம் தேய்க்கச் செய்த பொருள்தானே.

இதெல்லாம் செய்தும் சிலிண்டர் பிடித்தால், அல்லது சுடும்போது இடைவெளியிலிருந்து பக்கத்தில் நிற்பவர் மேல் துணுக்கு தெறித்தால், நிறுத்திவிடுங்கள். அறையும் குழலும் நேர்கோட்டில் நிற்கவில்லை என்று அர்த்தமாக இருக்கலாம். அதற்கு நார் மருந்தல்ல, கருவியோடு அளந்து பார்க்கும் நல்ல பழுதுபார்ப்பவர் வேண்டும். கோனின் சுவர் சொரசொரப்பாக இருந்து திரும்பத் திரும்ப ஒட்டினாலும் அவரிடம்தான் போக வேண்டும். உப்புத்தாள் எடுத்து நாமே தேய்க்கத் தொடங்கக் கூடாது.

எல்லாம் முடித்துத் துடைத்து, லேசாக எண்ணெய் காட்டி, ஃபீலர் கேஜை எடுத்தேன். பத்து அறையிலும் 0.006 தகடு வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. 0.007 நுழையவில்லை. நோட்டில் பழைய எண்ணுக்குக் கீழேயே தேதி போட்டு எழுதினேன். அடுத்த சனிக்கிழமை சிசிஐ நிறுவனத்தின் ஸ்டாண்டர்டு வெலாசிட்டி வகை, 40 கிரெயின் எடைக் குண்டு, நூறு தோட்டா. ஒன்றுகூட ‘டிக்’ சொல்லவில்லை. தோட்டா ஒவ்வொன்றும் விரலை எடுத்ததும் தானாக அறைக்குள் வழுக்கி விழுந்தது. ஸ்பிரிங் அதே ஸ்பிரிங்தான்.

அதிலிருந்து ஒவ்வொரு முறை ரேஞ்சிலிருந்து வந்ததும் அறைகளுக்குப் பிரஷ், ஐந்நூறு தோட்டாவுக்கு ஒருமுறை குழலுக்கும் கோனுக்கும் செம்பு என்று வைத்துக்கொண்டேன். இப்போது கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. முதல் உருண்டையில் இன்னும் பாதி மிச்சமிருக்கிறது. இந்தக் கணக்கில் ஒரு பெட்டி பல வருடம் வரும்.

பிரிக்காத இரண்டாவது உருண்டையை மனைவி பாத்திரத்துக்கு எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கொடுக்கவில்லை. அவளுக்குக் கடையில் வேறு புதுப் பெட்டி வாங்கித் தந்தேன். என்னுடையது சிவப்பு மார்க்கரில் ‘காரீயம்’ என்று எழுதிய டப்பாவுக்குள், கராஜில் மேல் தட்டில், குழந்தைக்கும் சமையலறைக்கும் எட்டாத உயரத்தில் இருக்கிறது.